பக்கத்து கிரேனோடு இடிச்சுக்காதா? டவர் கிரேன்கள் மோதாமல் சுற்றுவது எப்படி?

சென்னை ஓஎம்ஆர் பக்கம் போனால் பார்க்கலாம். ஒரே வளாகத்தில் மூன்று, நான்கு டவர் கிரேன்கள். ஒன்றின் கை இன்னொன்றின் எல்லைக்குள் புகுந்து சுற்றும். 'இடிச்சுக்காதா?' என்று கேட்கத் தோன்றும்.

இடிக்காமல் இருக்க முதல் காரணம் உயரம். கிரேன்களை ஒரே மட்டத்தில் நிறுத்த மாட்டார்கள். ஒன்றின் கை மற்றதன் தலைக்கு மேலே கடந்து போகும். தாழ்ந்த கிரேனின் கை, உயர்ந்த கிரேனின் கம்பத்தை எட்டவே கூடாது. ஏனென்றால் வேலை முடிந்ததும் சுழற்சி பிரேக்கை விடுவித்துவிட்டுத்தான் ஆபரேட்டர் இறங்குவார். கட்டிப்போட்டால் பெருங்காற்று கிரேனையே சாய்த்துவிடும். ஆக, ராத்திரி முழுக்க அந்தக் கை காற்று போகிற போக்கில் ஆளில்லாமல் சுற்றும்.

கட்டடம் உயர உயர கிரேனும் ஏறும். அப்போது தாழ்ந்தது முதலில் ஏறினால் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். எது முதலில் ஏற வேண்டும் என்பதை முன்கூட்டியே திட்டமிடாத சைட்டுகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன.

கருவி என்ன செய்கிறது?

கைகள் மோதாவிட்டாலும், மேல் கிரேனிலிருந்து தொங்கும் கம்பிவடத்தில் கீழ் கிரேனின் கை மோதலாம். இதற்குத்தான் மோதல் தடுப்புக் கருவி. கை நிற்கும் கோணம், டிராலி இருக்கும் தூரம், கொக்கியின் உயரம் ஆகியவற்றை சென்சார்கள் அளக்கும். கிரேன்கள் அதை ரேடியோவில் பகிர்ந்துகொள்ளும். நெருங்கினால் வேகம் குறையும், பிறகு அந்தத் திசையில் மட்டும் இயக்கம் நிற்கும். நீளமான கை சட்டென நிற்காது என்பதால் அந்தத் தூரத்தையும் கணக்கில் எடுக்கும்.

ஆனால் இந்த வலையில் சேராத எதுவும் அதன் கண்ணில் படாது. பாதி நாளுக்கு வந்து போகும் மொபைல் கிரேன், கான்கிரீட் பூம் பம்பு எல்லாம் அப்படித்தான். அவை உள்ளே வரும்போது டவர் கிரேன் ஆபரேட்டருக்கு வாக்கி-டாக்கியில் சொல்லியே ஆக வேண்டும்.

தரையில்?

பொக்லைன் திரும்பும்போது எல்லோரும் பக்கெட்டைத்தான் பார்ப்பார்கள். பின்பக்க எடைக்கட்டி எதிர்ப்பக்கம் வீசுவதைப் பார்ப்பதில்லை. ரிவர்ஸ் வரும் டிப்பர் அங்கேதான் மாட்டும். அமெரிக்க விதிப்படி, பின்னால் சரியாகத் தெரியாத வண்டிக்கு ரிவர்ஸ் அலாரமோ சைகை காட்ட ஆளோ இருந்தே ஆக வேண்டும். பத்து வண்டி ஒன்றாகக் கத்தினால் அலாரம் யார் காதிலும் ஏறாது. டிப்பர் ரிவர்ஸே எடுக்காமல் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறும்படி பாதை போடுவது அதைவிட நல்லது. இடமில்லாத சைட்டில், 'வா... வா... ஹோல்டான்' சொல்லும் ஆளை நடுவில் மூட்டை இறக்க அனுப்பாமலாவது இருக்கலாம்.