லென்ஸ் வாங்கலையோ லென்ஸ்!

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று சொன்ன பெரியவர்கள் காலத்தில் லென்ஸ் மாற்றுகிற கேமரா இல்லை. இருந்திருந்தால் 'லென்ஸ் வாங்கிப் பார்' என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள். வீடும் கல்யாணமும் (பெரும்பாலும்) ஒரு முறை செலவு. கேமரா அப்படியில்லை. வாங்கின மறுநாளே 'அப்புறம் சார்?' என்று கேட்க ஆரம்பித்துவிடும்.

என் சிநேகிதர்கள் கோஷ்டியில் நான் ஒருத்தன்தான் பி.காம். அதனால் யார் பழைய கேமரா வாங்கப் போனாலும் 'கணக்குப் பார்க்க' என்னைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போவார்கள். சம்பளம், இரண்டு மெதுவடை, ஒரு ஸ்ட்ராங் காபி. வடை எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் எனக்கு நல்ல அனுபவம் சேர்ந்திருக்கிறது. அதை இலவசமாகத் தருகிறேன்.

பத்தடிக் கணக்கு

லென்ஸ் வாங்கப் போகிறவனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எவ்வளவு பட்ஜெட்?' அல்ல. 'எதைப் படம் எடுக்கப் போறே?' என்பதுதான். பத்தில் ஏழு பேர் இதற்கு மேலே பார்த்துக்கொண்டு, 'எல்லாத்தையும்தான்' என்பார்கள். எல்லாவற்றையும் எடுக்கிற லென்ஸ் ஏற்கெனவே கேமராவோடு வந்திருக்கிறது. 18-55 கிட் லென்ஸ்! அதை இளக்காரமாகப் பார்க்காதீர்கள்.

'50 எம்.எம். வாங்கிடு மச்சி, பின்னாடி எல்லாம் வெண்ணெய் மாதிரி குழையும்' என்று ஆபீஸில் ஒரு நண்பர் கட்டாயம் சொல்லியிருப்பார். குழைவது நிஜம். ஆனால், உங்கள் வீட்டு ஹாலின் நீளம் எவ்வளவு?

சின்னக் கணக்கு ஒன்று சொல்கிறேன். சாதாரண கேமராக்களில் இருக்கிற ஏ.பி.எஸ்-சி சென்சாரின் அகலம் சுமார் 23.5 மில்லிமீட்டர் (கேனனில் இன்னும் ஒரு மில்லிமீட்டர் குறைவு). நீங்கள் நிற்கும் தூரத்தை அந்த 23.5-ஆல் பெருக்கி, லென்ஸ் எண்ணால் வகுத்தால் எத்தனை அடி அகலம் படத்தில் விழும் என்று தெரிந்துவிடும். பத்தடி தள்ளி நிற்கிறீர்கள் என்றால், 50 எம்.எம். லென்ஸில் 4.7 அடி விழும். புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு குழந்தை... அவ்வளவுதான். மாமியார் வெளியே நிற்க வேண்டும்! அதே இடத்திலிருந்து 35 எம்.எம்.மில் 6.7 அடி. 18-ல் 13 அடி. குடும்பமே உள்ளே வந்துவிடும்.

ஆக, பத்துக்குப் பத்து அறையில் குழந்தையின் பிறந்தநாளை எடுக்கிறவருக்கு 35. மொட்டை மாடியில் நிற்க வைத்து முகம் எடுக்கிறவருக்கு 50 அல்லது 85. பள்ளி மைதானத்தில் ஐம்பது அடிக்கு அப்பால் மகன் ஓடுகிறானா? 200 எம்.எம்.மில் சுமார் ஆறடி அகலம் விழும். பையன் முழுசாகத் தெரிவான். இந்த ஒரு கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தாலே பாதி ஆசை தானாக அடங்கிவிடும்.

வெளிச்சத்துக்கு என்ன விலை?

அடுத்தது அந்த எஃப் நம்பர். எண் சின்னதாக ஆக லென்ஸின் வாய் பெரிதாகிறது, விலையும் பெரிதாகிறது. கிட் லென்ஸை 55-க்குத் திருப்பினால் எஃப் 5.6. தனி 50 எம்.எம். லென்ஸோ எஃப் 1.8. 'நாலு பாயின்ட்தானே வித்தியாசம்' என்று நினைத்தால் தப்பு. இரண்டையும் வர்க்கப்படுத்தி வகுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம்! கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில் கிட் லென்ஸ் பத்தில் ஒரு விநாடி திறந்திருந்து, பாயசம் ஊற்றுகிற கை பேயாட்டம் போடும். அதே இடத்தில் 1.8 லென்ஸுக்கு நூறில் ஒரு விநாடி போதும்.

பகலில், வெளியூரில், வெயிலில் மட்டும் எடுக்கிறவருக்கு அந்தப் பத்து மடங்கு தேவையே இல்லை. வெயில் நம் ஊரில் இலவசம்.

பொருந்தாத ஜாதகம்

பழைய லென்ஸ் வாங்கும்போது பொருத்தம் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நிக்கான் 1959-ல் போட்ட எஃப் மவுன்ட்டையே ஆண்டுக்கணக்காகக் காப்பாற்றி வந்தது. கேனன் 1987-ல் பழைய எஃப்.டி. மவுன்ட்டைக் கை கழுவிவிட்டு இ.எஃப். மவுன்ட்டுக்கு வந்தது. ஆகவே தாத்தாவின் கேனன் லென்ஸ் பேரனின் டிஜிட்டல் கேனனில் அப்படியே மாட்டாது.

நிக்கானில் மாட்டும், ஆனால் வேலை செய்யுமா என்பது வேறு விஷயம். 2006-ல் வந்த டி40 முதல் அதன் சின்ன கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. டி3000, டி5000 வரிசையெல்லாம் அந்தக் குடும்பம்தான். லென்ஸில் 'ஏ.எஃப்-எஸ்' என்று இருந்தால் லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. வெறும் 'ஏ.எஃப்' அல்லது 'ஏ.எஃப்-டி' என்றால் அந்த கேமராக்களில் நீங்கள்தான் மோட்டார். கையால் திருப்ப வேண்டும்! 'ரொம்ப சீப்பா கிடைச்சுது' என்று வருகிற 50 எம்.எம்.களில் பல இந்த ரகம்.

2018-ல் நிக்கான் 'இசட்', கேனன் 'ஆர்.எஃப்' என்று இரண்டு கம்பெனிகளும் மிரர்லெஸ்ஸுக்குப் புது மவுன்ட் கொண்டுவந்தன. தொழில்முறை ஆட்கள் அந்தப் பக்கம் நகர நகர, பழைய டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் விலை இறங்கிக்கொண்டே வருகின்றன. சம்பளக்காரர்களுக்கு இது நல்ல காலம். கண்ணாடி அதே கண்ணாடிதான். கேனன் இ.எஃப். லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் புது பாடியிலும் ஆட்டோஃபோகஸோடு ஓடும். நிக்கானிலும் ஏ.எஃப்-எஸ் ஓடும். ஏ.எஃப்-டி அங்கேயும் நிக்கானின் அடாப்டரில் கைத்தறிதான்.

டார்ச் வைத்தியம்

பழைய லென்ஸ் பார்க்கப் போகும்போது மூன்று சாமான் எடுத்துப் போங்கள். சின்ன டார்ச், உங்கள் மெமரி கார்டு, அன்றைய தினசரிப் பேப்பர்.

டார்ச்சை ஒரு முனையில் அடித்து, மறுமுனை வழியாகச் சாய்த்துப் பாருங்கள். நாலு தூசி தெரிந்தால் பரவாயில்லை. தூசி இல்லாத லென்ஸும் கடன் இல்லாத மனிதனும் அபூர்வம். ஆனால், சிலந்தி வலை மாதிரி மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. அதாவது ஃபங்கஸ். ஆரம்பத்தில் துடைத்து எடுக்கலாம். முற்றிவிட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். கடலோர ஊர்க்காரர்களுக்கு இந்தச் சோதனை ரொம்ப முக்கியம்.

அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா? ஃபில்டர் மாட்டுகிற வளையம் நசுங்கியிருக்கிறதா? நசுங்கியிருந்தால் கீழே விழுந்த கேஸ். முன் கண்ணாடியின் சின்னக் கீறல் படத்தை அதிகம் கெடுக்காது. பின் கண்ணாடியின் கீறல் கெடுக்கும். பேப்பரைச் சுவரில் விரித்து நேராக ஒரு படம் எடுங்கள். நாலு மூலையிலும் எழுத்து ஒரே மாதிரி படிக்க முடிய வேண்டும். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே ஏதோ கோணிக்கொண்டிருக்கிறது. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பாடி வாங்குகிறவர்கள் ஷட்டர் கவுண்ட் கேளுங்கள். பைக் மீட்டர் மாதிரி. கேனன் 80டி-க்கு ஒரு லட்சம், நிக்கான் டி7200-க்கு ஒன்றரை லட்சம் என்று கம்பெனியே ஆயுள் சொல்லியிருக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் கிளிக் என்று வைத்தாலும் ஐம்பது முகூர்த்தத்தில் லட்சம் தாண்டிவிடும். 'வீட்டு யூஸ்தான் சார்' என்பவரின் நிக்கான் எடுத்த படத்திலேயே அந்த எண் ஒளிந்திருக்கும். மெமரி கார்டு கொண்டுபோகச் சொன்னது அதற்குத்தான்.

தேய்மானம் எழுதுவோமா?

இப்போது என் இலாகா. விலை!

முதலில் புது விலையிலிருந்து வரியைக் கழியுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 59,000 ரூபாய் என்றால் பொருளின் விலை 50,000. அந்த 9,000 அரசாங்கத்துக்குப் போய்விட்டது. அதை உங்களிடம் வசூலிக்க விற்பவருக்கு உரிமை இல்லை.

பிறகு தேய்மானம். குறைந்துவரும் மதிப்பு முறையில் லென்ஸுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம், பாடிக்கு 25 சதவீதம் என்று நான் போடுவேன். இது சட்டமல்ல, என் அளவுகோல். ஐந்து வருஷம் கழித்து 50,000 ரூபாய் லென்ஸ் 29,500-ல் நிற்கும். 50,000 ரூபாய் பாடி 11,900-க்கு வந்துவிடும். பாடி, கம்ப்யூட்டர் ஜாதி. வருஷம் ஒன்று புதிதாக வந்து பழசை மிதிக்கும். லென்ஸ், பித்தளைப் பாத்திர ஜாதி. எனவே கையில் இருக்கிற காசில் பெரும்பங்கு லென்ஸுக்குப் போகட்டும்.

இந்தத் தொகையை வைத்துக்கொண்டு, அதே மாடல் என்ன விலைக்குப் போகிறது என்று நாலு இடத்தில் விசாரியுங்கள். கேட்கிற விலை வேறு, கைமாறுகிற விலை வேறு. அந்த மாடலில் புது அவதாரம் வந்திருந்தால் இன்னும் குறையுங்கள். பூஞ்சை இருந்தால் வாங்கவே வேண்டாம்.

இந்த அளவுகோல் வாங்குகிறவனுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 2024-ல் நண்பன் ஒருவனுடன் ஒரு 85 எம்.எம். லென்ஸ் பார்க்கப் போயிருந்தேன். விற்றவர் கல்யாண போட்டோகிராபர். ஐம்பதைத் தொட்டவர். 2021-ல் வாங்கிய பில்லை பத்திரமாக பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். 29,500 ரூபாய். டார்ச் அடித்துப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடி மாதிரி சுத்தம்.

"இருபதாயிரம் குடுங்க தம்பி. பொண்ணு காலேஜ் ஃபீஸுக்குத் திங்கக்கிழமை கடைசி. இல்லேன்னா இதைக் கை விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

நண்பன் என்னை வாசலுக்கு இழுத்துப் போனான். "மாப்ள, இன்னிக்கு சனிக்கிழமை. பன்னெண்டு சொன்னா வாயை மூடிக்கிட்டுக் குடுப்பாருடா!"

குடுத்திருப்பார். அதுதான் பிரச்னை. பேரம் பேசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கத்தரிக்காய்க்கே பேசுகிறோம். ஆனால், லென்ஸில் கீறல் இருந்தால் குறைக்கலாம். வயசானால் குறைக்கலாம். அவர் வீட்டு ஃபீஸை எந்தப் பத்தியில் எழுதிக் குறைப்பது? "அவரோட அவசரம், லென்ஸோட தேய்மானம் இல்லைடா" என்றேன்.

பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வரி போக 25,000. மூன்று வருஷத் தேய்மானம் போக 18,225. உள்ளே போய் அந்தத் தாளையே அவரிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தார். "இருபதுன்னு நான் கேட்டது கொஞ்சம் ஜாஸ்திதான் போலிருக்கு" என்று சிரித்தார். 18,000-க்கு முடிந்தது. நண்பனுக்கு இரண்டாயிரம் லாபம், அவருக்கு ஆறாயிரம் நஷ்டம் இல்லை. லென்ஸ் ஹூடை உள்ளேயிருந்து தேடி எடுத்து வந்து அவராகவே மாட்டிக் கொடுத்தார்.

அன்றைக்கு வடை கொஞ்சம் சின்னதாகத்தான் வந்தது. ஆனால், அந்த லென்ஸை எடுக்கும்போதெல்லாம் 'பாவம், அந்த மனுஷன்' என்ற நினைப்பு நண்பனுக்கு வராது. அதற்கு ஆறாயிரம் ரூபாய் அதிகமில்லை.

விற்கப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன். அவசரத்தை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லாதீர்கள். எதிரே நிற்கிறவர் எல்லாரும் பி.காம். படித்திருக்க மாட்டார்கள்.

பில் எங்கே?

சந்தை விலையில் பாதிக்கு ஒரு லென்ஸ் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். பில் கேளுங்கள். பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் லென்ஸில் இருக்கும் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிய வேண்டிய சூழ்நிலையிலோ வாங்கி வைத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் குற்றம். யாரோ ஒரு போட்டோகிராபரின் அடுத்த முகூர்த்தம் அந்தப் பைக்குள் இருக்கலாம். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பி, ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

வாங்கிவிட்டீர்களா? தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள். பூஞ்சைக்கு இருட்டும் ஈரமும்தான் மாமியார் வீட்டு விருந்து. காற்றுப் புகாத டப்பா, நாலு சிலிக்கா ஜெல் பொட்டலம், ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள். அதைவிடச் சுலபமான வைத்தியம், ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவை வெளியே எடுத்துப் போவது. பொழுது நன்றாகப் போகும். லென்ஸும் வெளிச்சம் பார்க்கும். சும்மா வைத்தால் தேய்மானம் மட்டும்தான் மிச்சம்!