கீச்சும் புறத்தார் கருவிகளும்

சொற்களுக்கும் ஊழ் உண்டு போலும். சிறு பறவையின் ஒலியை மாத்திரம் குறித்துநின்ற 'கீச்சு' என்னுஞ் சொல், சென்ற பதினைந்து ஆண்டுகளுள், இணையத்திலே ஓரிரு வரியில் எழுதி விடுக்கப்படும் குறும்பதிவுக்குப் பெயராயிற்று. அவ்வாறு எழுதுவோர் 'கீச்சர்' எனப்பட்டனர். ஆங்கிலத்தார் வழங்கும் 'ருவீற்' என்பதன் தமிழாக்கமே இது. பொருத்தமான ஆக்கமென்றே கருதுகின்றேன். ஆயின் அவ்வாங்கிலச் சொல் எங்கிருந்து வழக்குக்கு வந்ததென்று தேடப் புகுந்தபோது எனக்கு வியப்பே மேலிட்டது. 'ருவிற்றர்' என்னும் அச்சேவையை நடத்திய நிறுவனத்தார் தொடக்கத்தில் அச்சொல்லை வழங்கினாரல்லர். நிறுவனத்துக்குப் புறம்பான 'ஐகன்பாக்ரரி' என்னும் சிறு மென்பொருட் கூடத்தார், 2007ஆம் ஆண்டிலே 'ருவிற்றரிபிக்' என்றொரு கருவியைச் செய்து வெளியிட்டனர். பதிவுக்கு அப்பெயரை இட்டு வழங்கிய முதற் கருவி அதுவே. இன்னும் எத்தனை எழுத்து எழுதலாம் என்று எண்ணிக் காட்டும் ஏற்பாடும் அதிலேதான் முதலில் வந்தது. பறவையைச் சின்னமாகக் கொண்டு புறப்பட்டதும் அக்கருவியே. வீட்டுக்குடையவன் சூட்டாத பெயரை விருந்தினன் சூட்டினான்.

ஈண்டு எழுத்தைப்பற்றி ஒரு வார்த்தை. தமிழகத்தார் 'ட்விட்டர்' என எழுதுவர். டகரம் மொழிக்கு முதலில் வாராதென்று நாம் அதனை ரகரமாக்கி 'ருவிற்றர்' என்போம். ரகரமும் முதலில் வாராதே என்று மாணாக்கர் எவரேனும் வினாவின், அவரைப் பாராட்டிவிட்டு, வழக்கு வலியுடைத்து என்று விடையிறுப்பேன். 2023 யூலையிலே அதன் உரிமையாளர் அப்பெயரையே களைந்து 'எக்ஸ்' என்று மாற்றிவிட்டமையால், இவ்வாராய்ச்சி இனி வேண்டாவென்பாரும் உளர். நான் பழம்பெயராலேயே சுட்டுவேன்.

2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலே அது தோன்றியபோது, நாற்சுவரும் கூரையும் மாத்திரமுள்ள மனையை ஒத்திருந்தது. கைத்தொலைபேசிக் குறுஞ்செய்திக்கு 160 எழுத்தே எல்லை. அதில் 20ஐ எழுதுவோன் பெயருக்கு ஒதுக்கி, எஞ்சிய 140ஐச் செய்திக்கு அளித்தனர். எழுதலாம், பிறர் எழுதியதைப் படிக்கலாம். தேடுதற்கு வழியில்லை, படம் இடுதற்கு வழியில்லை, நீண்ட இணைய முகவரி ஒன்றைச் சேர்த்தால் 140இற் பாதி அதற்கே போய்விடும். ஆயினும் நிறுவனத்தார் ஒரு நற்செயல் செய்தனர். அவ்வாண்டு செப்ரெம்பரிலேயே, புறத்தார் எழுதும் மென்பொருள்கள் உள்ளே வந்து செய்திகளை எடுக்கவும் இடவும் ஒரு வாயிலைத் திறந்துவிட்டனர். மென்பொருளார் அதனை 'ஏ.பி.ஐ.' என்பர். திண்ணையும் கிணறும் அடுக்களையும் அவ்வாயில் வழியாகவே வந்துசேர்ந்தன.

வேண்டிய செய்தியைத் தேடித்தருங் கருவியைச் 'சம்மைஸ்' என்னும் நிறுவனம் செய்தது. 2008 யூலையில் ருவிற்றர் அதனையே விலைக்கு வாங்கித் தன் தேடற் பகுதியாக்கிக்கொண்டது. லோரன் பிரிக்ரர் என்பார் ஆக்கிய 'ருவீற்றி' என்னும் கருவியிலே, திரையை விரலாற் கீழ்நோக்கி இழுத்து விடுத்தால் புதிய செய்திகள் வந்து நிரம்பும். இன்று கைத்தொலைபேசி வைத்திருப்போர் எல்லாரும் நினையாமலே செய்யும் இச்செய்கைக்கு அதுவே பிறப்பிடம். அதனையும் 2010இல் நிறுவனம் வாங்கிற்று. படத்துக்கென 'ருவிற்பிக்' இருந்தது. 2009 சனவரி 15ஆம் நாள், நியூயோர்க்கின் ஹட்சன் ஆற்றிலே பயணிகள் விமானமொன்று இறங்கி மிதந்தபோது, மீட்கச் சென்ற படகிலிருந்து ஒருவர் எடுத்த படம் உலகெங்கும் பரந்தது அச்சேவை வழியாகவே. படத்தைத் தானே தாங்கும் ஆற்றல் ருவிற்றருக்கு 2011இலேதான் வந்தது.

இவற்றுட் பலவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப்பார்க்க நான் தொடங்கியது 2010ஆம் ஆண்டளவில். பண்டிதருக்கு இதில் என்ன அலுவல் என்று உடனாசிரியர் சிலர் நகைத்தனர். சுருங்கச் சொல்லுதலை நூலின் அழகுகளுள் ஒன்றென்று நன்னூல் வகுப்பிற் கற்பிப்பவன், 140 எழுத்துக்குள் பேசும் ஓரவையை எட்டிப்பார்ப்பதில் இழுக்கொன்றும் இல்லையென்று மறுமொழி கூறினேன். என் உள்ளத்தைக் கவர்ந்தது 'ருவீற்டெக்'. இங்கிலாந்தினரான இயன் டொட்ஸ்வேர்த் 2008இல் ஆக்கியது. திரையைப் பத்தி பத்தியாக வகுத்து, ஒன்றில் நண்பர், ஒன்றில் மாணாக்கர், ஒன்றில் நாம் தேடுஞ் சொல் வரும் பதிவுகள் எனச் செய்தித்தாள் போல நிறுத்திவைக்கும். 'யாழ்ப்பாணம்' என்னுஞ் சொல்லுக்கென ஒரு பத்தி திறந்துவைத்தேன். கனடாவிலும் இலண்டனிலும் வாழ்வோர் தத்தம் ஊரின் குளத்தையும் கோயில் வீதியையும் சொல்லி ஏங்குவதை மாலை வேளைகளிற் படித்ததுண்டு. பதிவுகளை முன்னரே எழுதிவைத்தால் குறித்த நேரத்தில் தானே வெளியிடுங் கருவிகளையும் பார்த்தேன். நான் உறங்கும்போது என் பெயராற் பிறிதொன்று பேசுவது எனக்கு உவப்பாயில்லை. ஒருவருடைய செல்வாக்குக்கு நூற்றுக்கு இத்தனை என்று புள்ளியிடும் 'குளவுற்' என்னுஞ் சேவையும் அந்நாளில் இருந்தது. பிறருக்குப் புள்ளியிட்டே முதியவனான எனக்கு அது வழங்கிய புள்ளியை ஈண்டு வெளியிடுவதாயில்லை. 2018 மேயில் அது மூடப்பட்டது, வருந்தினேனல்லேன்.

தமிழாசிரியன் ஒரு கருவியைச் சோதிக்கும் இடம் வேறு. அது எழுத்தை எவ்வாறு எண்ணுகின்றது என்பதே என் முதல் வினா. 'தமிழ்' என்று எழுதினேன். மூன்றெழுத்து, கருவியோ ஐந்தென்றது. 'மூக்குப்பேணி' என்று எழுதினேன். ஆறெழுத்து, பன்னிரண்டென்றது! யூனிகோட் முறையிலே அகரமேறிய மெய்க்கு ஒரு குறியீடு, அதன்மேல் வரும் உயிர்க்குறிக்கு வேறொன்று, புள்ளிக்கும் வேறொன்று. கருவிகள் எண்ணியவை குறியீடுகளையே அன்றி எழுத்துக்களை அல்ல. கட்டளைக் கலித்துறையிலே ஒற்று நீக்கி, நேரசை முதலாயின் 16, நிரையசை முதலாயின் 17 என்று அடிதோறும் எண்ணக் கற்ற நமக்கு, ஒற்றுக்கு இரட்டை விலை கேட்கும் கணக்கு விசித்திரமாகவே இருந்தது. ஆயினும் குறட்பா எளிதில் அடங்கிற்று. வெண்பா சிலவேளை அடங்கும். சிலவேளை ஈற்றடி வெளியே நிற்கும். 2017 நவெம்பரிலே எல்லை 280 ஆக்கப்பட்டபின் அவ்விடர் நீங்கிற்று.

இந்த நெருக்கத்தையே ஒரு பயிற்சியாக்க எண்ணி, உயர்தர வகுப்பு மாணாக்கர் சிலரை ஒரு முயற்சியில் ஈடுபடுத்தினேன். வீட்டுப் புழங்குபொருள்களின் பெயர்களை அம்மம்மாவிடமும் அப்பாச்சியிடமும் கேட்டு வரவேண்டும். ஒரு பெயர், ஒரு படம், எல்லைக்குட்பட்ட ஒரு விளக்கம். சுளகு, கடகம், பிளா, துலா, மூக்குப்பேணி, நீற்றுப்பெட்டி என மூன்றாண்டுகளில் முந்நூறுக்கு மேற்பட்ட சொற்கள் சேர்ந்தன. படங்களைப் புறத்தார் சேவையொன்றில் இட்டு, அதன் முகவரியைப் பதிவிற் சேர்ப்பதே அந்நாள் வழக்கம். நாங்களும் அவ்வாறே செய்தோம். பின்னர் ஒருநாட் காலை மாணவி ஒருத்தி வந்து, "ஐயா, படமொண்டும் வருகுதில்லை" என்றாள். அச்சேவையார் தம் தொழிலையே நிறுத்திவிட்டிருந்தனர்.

அன்று மாலை நாங்கள் இருந்து பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வாய்படாமல் நீர் பருகுதற்கு மூக்கு வைத்த பேணி என்று எழுதிய பதிவு படமின்றியும் பொருள் தந்தது. நீற்றுப்பெட்டிக்குரிய பதிவிலோ, "எங்கள் வீட்டு நீற்றுப்பெட்டி இதுதான்" என்பதும் ஒரு செத்த முகவரியும் மாத்திரமே எஞ்சின. 'இது' என்னுஞ் சுட்டுக்குச் சுட்டப்படும் பொருள் இல்லை. பனையோலையால் அப்பெட்டியை இழைத்த அப்பாச்சி அதற்குள் காலமாகிவிட்டார். பிட்டு இப்போது அவ்வீட்டில் அலுமினியப் பாத்திரத்தில் அவிகின்றது. இவ்வாறு சுட்டளவில் நின்ற பதிவுகள் எழுபதளவில் இருந்தன.

குறுக்கிய முகவரிகளின் கதையும் இதுவே. நீண்ட முகவரியைச் சில எழுத்தாகச் சுருக்கித் தருஞ் சேவைகள் 140 எழுத்து உலகிலே இன்றியமையாதனவாயின. ஆனால் சுருக்கிய வடிவம் எதனைக் குறிக்கும் என்பது சுருக்கியவருடைய பேரேட்டில் மாத்திரமே எழுதப்பட்டிருக்கும். பேரேடு மூடினால் உலகெங்கும் உள்ள அத்தனை முகவரிகளும் ஊமையாகும். 2009 ஓகஸ்றில் 'ரிறிம்' என்னுஞ் சேவையார் தாம் நிறுத்தப்போவதாக அறிவித்தபோதே பலர் இதனை முதன்முதல் உணர்ந்து கலங்கினர்.

புறத்தாருக்குத் திறந்த வாயில் பின்னர் மெல்ல மெல்லச் சாத்தப்பட்டது. 2011 மேயில் ருவீற்டெக்கை நிறுவனம் வாங்கிற்று. 2012 ஓகஸ்றில் வந்த விதிகள், ருவிற்றரைப் போன்றே இயங்கும் புறக்கருவி ஒன்று ஒரு இலட்சம் பயனாளருக்கு மேற் பெறவேண்டுமாயின் நிறுவனத்தின் அனுமதி வேண்டுமென்றன. ருவிற்பிக், பெயருரிமை பற்றிய பிணக்கின்பின் 2014இல் ஒழிந்தது. நல்வேளையாக அதன் படத்தொகுதியைப் பேணும் பொறுப்பை ருவிற்றரே ஏற்றது. சிதறிய பதிவுகளைக் கோத்துக் கட்டுரையாக்கித் தந்த 'ஸ்ரோரிபை' 2018 மேயில் மூடிற்று. 2022 ஒக்ரோபரில் ஈலோன் மஸ்க் நிறுவனத்தை வாங்கினார். அடுத்த சனவரியின் நடுவிலே, முன்னறிவிப்பேதுமின்றிப் புறக்கருவிகள் செயலற்றன. சில நாட்களின்பின்னரே அவற்றைத் தடுக்கும் விதி எழுதப்பட்டது. தண்டனை முந்தியது, சட்டம் பிந்தியது. பதிவுக்குப் பெயர் தந்த ருவிற்றரிபிக்கும் அத்துடன் முடிந்தது. ருவீற்டெக் அவ்வாண்டு ஓகஸ்றிலே பணஞ் செலுத்துவோருக்கு மாத்திரம் உரியதாயிற்று.

மனைக்கு உடையவர் வாயிலைச் சாத்துவது அவர் உரிமையன்றோ என்பர் சிலர். சட்டத்தில் அப்படியே ஆகுக. எனக்கு நினைவில் எழுந்தது வேறொன்று. நம் இலக்கியத்திலே மூலநூலுக்குப் புறத்தார் உரையாசிரியர்களும் தொகுப்பாசிரியர்களும். வளையாபதி முழுமையாக நமக்குக் கிடைத்திலது, குண்டலகேசியும் அவ்வாறே. அவற்றின் செய்யுள்களிற் சிலவற்றையேனும் இன்று நாம் அறிவது, உரைகாரர் தம் உரைகளுள் எடுத்தாண்டமையாலும், புறத்திரட்டைத் தொகுத்தவர் பெயர்த்தெழுதி வைத்தமையாலுமே. மூலம் அழிய, புறத்தார் ஏடு காத்தது. உரைகாரர் செய்யுளைச் சுட்டி, 'அங்கே போய்ப் பார்க்க' என்று விட்டிருப்பாராயின் இன்று நம்மிடம் பெயர் மாத்திரமே இருக்கும். அவர்கள் தம் கையாற் பெயர்த்து எழுதினார்கள். கீச்சுலகின் புறத்தார் கருவிகளோ பெரும்பாலும் சுட்டின. பெயர்த்து நம்மிடம் தரவில்லை. அதனால், உரை அழிந்தபோது மூலத்திலும் ஓட்டை விழுந்தது.

அமெரிக்காவின் காங்கிரசு நூலகம் 2010 ஏப்ரிலிலே ருவிற்றரின் பொதுப் பதிவுகள் அனைத்தையும் சேமிக்கப்போவதாக அறிவித்தபோது நான் மகிழ்ந்தேன். 2017இன் முடிவுவரை அவ்வாறே சேமித்தது; அதன்பின் தெரிந்தெடுத்தவற்றையே சேமிக்கின்றது. ஆனால் அது சேமித்தது எழுத்தை மாத்திரமே. படங்களையும் காணொளிகளையும் அன்று. ஆகவே எங்கள் மாணாக்கரின், "எங்கள் வீட்டு நீற்றுப்பெட்டி இதுதான்" என்னும் வாசகம் வாஷிங்ரன் நகரிலே ஓரிடத்திற் பத்திரமாக இருக்கக்கூடும். பெட்டி எங்கும் இல்லை.

புறத்தாருக்கு இன்றும் இடங்கொடுக்கும் மனைகள் உள. 2016இல் தோன்றிய 'மஸ்ரடொன்' ஒருவருக்கே உரித்தானதன்று. யாரும் தம் கணினியில் அதனை நடத்தலாம். எவரும் அதற்குக் கருவி செய்யலாம். ருவிற்றரிலே புகழ்பெற்ற 'ருவீற்பொற்' என்னுங் கருவியைச் செய்தவர்கள், அங்கே வாயில் சாத்தப்பட்ட அதே மாதத்தில் மஸ்ரடொனுக்கென 'ஐவரி' என்னும் புதிய கருவியை வெளியிட்டனர். 2024 பெப்ரவரியில் அழைப்பின்றி எவரும் சேரலாமென்று திறக்கப்பட்ட 'புளூஸ்கை'யையும் பார்த்தேன். எல்லை 300. வழக்கம்போல் 'தமிழ்' என்று எழுதி எண்ணிக்கையை நோக்கினேன். 297 எஞ்சியதாகக் காட்டிற்று! குறியீட்டை எண்ணாது, கண்ணுக்குப் புலப்படும் எழுத்தையே அது எண்ணுகின்றது. புள்ளி தனியாகக் காசு கேட்கவில்லை. பதினைந்து ஆண்டுக்காலம் காத்திருந்த ஒரு சிறு நியாயம். வகுப்பறையிலே உரக்கச் சிரித்துவிட்டேன்.

இவ்வாண்டு மாணாக்கர் அச்சொற்றொகுதியை மீண்டும் எடுத்திருக்கின்றனர். விதி ஒன்றைப் புதிதாகச் சேர்த்துள்ளோம்: படம் இருப்பினும் இல்லாவிடினும், படத்தைக் காணாதவன் பொருளை அறியுமாறு விளக்கம் எழுதப்படவேண்டும். 'இது', 'இப்படி' என்னுஞ் சுட்டுக்கள் ஆகா. ஒவ்வொரு வெள்ளியும் அவ்வாரத்துப் பதிவுகளை ஒருவர் கொப்பியிற் பெயர்த்தெழுதுகின்றார். படத்தின் படியொன்றும் அதில் ஒட்டப்படுகின்றது. விடுபட்ட எழுபதில் இதுவரை நாற்பத்தொன்று மீண்டன. நீற்றுப்பெட்டிக்கு, வடமராட்சியிலிருந்து வரும் மாணவனொருவன், ஓலை எத்தனை, பின்னல் எவ்வகை, ஆவி எவ்வழியேறும் என்றெல்லாம் தன் ஆச்சியிடம் கேட்டு எழுதி வந்திருந்தான். 300ஐத் தாண்டிவிட்டது. இரண்டாகப் பிரித்து இட்டோம்.