டிரம்ஸ் முன்னணியில் நின்ற 9 நிமிடங்கள்: பிங்க் ஃபிளாய்டின் 1969 பரிசோதனை

ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் கலைஞரின் பணி பெரும்பாலும் தாளத்தைத் தாங்கி நிற்பதே. பாடகரும் கிட்டார் கலைஞரும் முன்வரிசையில் நிற்க, அவர் பின்னால் அமர்ந்திருப்பார். இந்த வழக்கத்தை மாற்றிப் பார்த்த முயற்சிகளுள் ஒன்று, பிரிட்டனின் பிங்க் ஃபிளாய்டு குழு 1969-ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி கிராண்ட் விசியர்ஸ் கார்டன் பார்ட்டி' என்ற கருவியிசைப் படைப்பு.

பின்னணி என்ன?

எதிரொலி, நீண்ட கருவியிசை, ஒலிநாடா உத்திகள் ஆகியவற்றின் மூலம் கனவு போன்ற உணர்வை எழுப்ப முயன்ற 'சைக்கடெலிக் ராக்' இசை, 1960-களின் நடுப்பகுதியில் உருவானது. அவ்வகையில் புகழ்பெற்ற பிங்க் ஃபிளாய்டு, 1969-இல் 'உம்மகும்மா' என்ற இரட்டை இசைத்தட்டை வெளியிட்டது. ஒரு தட்டில் மேடை நிகழ்ச்சிப் பதிவுகள் இடம்பெற்றன. மற்றொரு தட்டு, உறுப்பினர்கள் நால்வருக்கும் தலா அரைப் பக்கம் எனப் பகிரப்பட்டது. அதன் இறுதிப் பகுதி டிரம்ஸ் கலைஞர் நிக் மேசனுக்குக் கிடைத்தது.

அமைப்பு எப்படி?

நுழைவு, கேளிக்கை, வெளியேற்றம் என மூன்று பகுதிகள் உள்ளன. தொடக்கத்திலும் முடிவிலும் ஒலிக்கும் புல்லாங்குழலை வாசித்தவர் மேசனின் அப்போதைய மனைவி. ஏறத்தாழ 7 நிமிடம் நீளும் நடுப்பகுதி முழுவதும் தாளக் கருவிகளின் ஆட்சி.

அங்கு சீரான தாளத்தை எதிர்பார்க்க இயலாது. பதிவான ஒலிகள் துண்டுகளாக்கப்பட்டு, இடைவெளி விட்டு மீண்டும் கோக்கப்பட்டுள்ளன. கணினி வசதி இல்லாத அக்காலத்தில், ஒலிநாடாவைக் கத்தரித்து ஒட்டுவதும் அதன் வேகத்தை மாற்றுவதுமே இதற்கான வழிகள். நாடாவின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி இறங்கும்.

தோல்வியா?

குழுவினரே பின்னாளில் இத்தொகுப்பைக் கடுமையாக விமர்சித்தனர். தனித்தனியாக இயங்குவதைவிட இணைந்து இயங்கும்போதே தங்கள் பலம் வெளிப்படுகிறது என்பதை இம்முயற்சி அவர்களுக்கு உணர்த்தியது.

எனினும், டிரம்ஸை ஒலிச் சித்திரமாகப் பயன்படுத்தும் எண்ணம் அதோடு முடிந்துவிடவில்லை. 1973-இல் வெளியான 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' தொகுப்பு இதயத் துடிப்பு ஓசையுடன் தொடங்குகிறது. அது, ஒலி மட்டுப்படுத்தப்பட்ட பேஸ் டிரம்மில் உருவாக்கப்பட்டது. அதே தொகுப்பின் 'டைம்' பாடலில், குரல் எழுவதற்கு முன் மேசனின் ரோட்டோடாம் வாசிப்பு நீண்ட நேரம் தனித்து ஒலிக்கிறது. 1969-இல் கேட்போரைக் குழப்பிய உத்தி, நான்கே ஆண்டுகளில் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்ட இசையில் தனக்குரிய இடத்தைப் பெற்றது.