பழைய வேகன்-ஆரா... சான்ட்ரோவா? விலையை மட்டும் பார்த்தால் பர்ஸ் காலி!

சென்னை: சீட்டுப் பணம் ஒன்றரை லட்சம் கையில் இருக்கிறது. வீட்டில் வயசான அம்மா, பள்ளிக்கூடம் போகும் ரெண்டு பிள்ளைகள். மழையில் நனைந்துகொண்டே பைக்கில் போய் சலித்துவிட்டது. புது கார் எட்டாக்கனி. “சரி, ஒரு பழைய காரைப் பிடிச்சுடலாம்” என்று இறங்கினால் அடிக்கடி கண்ணில் படுவது இரண்டு வண்டிகள். ஒன்று மாருதி வேகன்-ஆர், இன்னொன்று ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங்.

இரண்டுமே உயரமான கார்கள். மூட்டுவலி உள்ள பெரியவர்களும் குனியாமல் ஏறி உட்காரலாம். அப்புறம் எதை வாங்குவது? உதாரணத்துக்கு இரண்டிலும் 2012 மாடலை எடுத்துக்கொள்வோம்.

இன்ஜின் எப்படி?

சான்ட்ரோவுக்கு 1086 சி.சி., 4 சிலிண்டர் இன்ஜின். அதிர்வு குறைவு, ஓட்ட சுகமாக இருக்கும். வேகன்-ஆருக்கு 998 சி.சி., 3 சிலிண்டர். நிற்கும்போது லேசாக உதறும். ஆனால் பெட்ரோல் குடிப்பது பொதுவாக குறைவு.

முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. சான்ட்ரோவில் இருப்பது டைமிங் பெல்ட். குறிப்பிட்ட கிலோ மீட்டருக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். ஓடும்போது பெல்ட் அறுந்தால் இன்ஜினுக்கே வேட்டு. “பெல்ட் எப்போ மாத்துனீங்க, பில் இருக்கா?” என்று கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். வேகன்-ஆரில் 2010க்குப் பிறகு வந்த வண்டிகளில் செயின். அந்தத் தொல்லை இல்லை.

ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா?

இருங்காட்டுக்கோட்டையில் தயாரான இந்த பழைய சான்ட்ரோ 2014ம் ஆண்டு இறுதியோடு நின்றுபோனது. 2018ல் அதே பெயரில் வந்தது வேறு கார். இருந்தாலும் நம்ம புதுப்பேட்டையில் தேடினால் பழைய சான்ட்ரோ சாமான்கள் சிக்கும். வேகன்-ஆரின் இன்ஜின் ஆல்ட்டோ கே10, ஏ-ஸ்டார் கார்களிலும் வந்ததால் அதற்கு சாமான் கிடைப்பது இன்னும் சுலபம்.

ரெண்டு வண்டிக்கும் ஒரே டெஸ்ட்

“அண்ணே, டாக்டர் ஓட்டுன வண்டி. ஒரே ஓனர். கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பாரு” என்று புரோக்கர் அடித்துவிடுவார். அதை காதில் வாங்காமல் இதைப் பாருங்கள்.

* காலையில், இன்ஜின் சூடாகும் முன்பு போங்கள். நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் மூடியின் அடியில் பால் ஆடை மாதிரி வெள்ளையாக படிந்திருந்தாலும் சந்தேகம்தான்.

* மேம்பாலத்தில் ஏற்றிப் பாருங்கள். இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் அவுட்.

* சீட் பெல்ட்டை கடைசி வரை இழுங்கள். சேற்றுக்கறை இருக்கிறதா? தரை மேட்டைத் தூக்குங்கள். சீட் போல்ட் துருப்பிடித்து, நாற்றம் அடிக்கிறதா? 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் ஏராளம். அந்த வண்டி தலையில் கட்டப்பட்டால் ஒயரிங் செலவு முடியவே முடியாது.

* மீட்டரில் 45 ஆயிரம் கி.மீ., ஆனால் பிரேக் பெடல் ரப்பர் மொழுமொழு என தேய்ந்திருக்கிறதா? மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள்.

பேப்பரில் கோட்டை விடாதீங்க

கார் ஆர்.சி.க்கு ஆயுள் 15 ஆண்டு. 2012ல் பதிவான வண்டிக்கு 2027ல் முடிகிறது. அதன்பிறகு எப்.சி. காட்டி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்பு கட்டணம் 2022 ஏப்ரலில் 5 ஆயிரம் ஆக்கப்பட்டது. பசுமை வரியும் உண்டு.

எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைத் தட்டினால் ஆர்.சி., இன்சூரன்ஸ் விவரம் வந்துவிடும். பாக்கி அபராதத்தையும் பாருங்கள். பைனான்ஸ் கடன் இருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும், பாரம் 35ம் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்ற பாரம் 29, 30 வேண்டும். இன்சூரன்சையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற சொல்லுங்கள். மாற்றாமல் மோதினால் உங்கள் கார் சேதத்துக்கு பணம் கிடைக்காது.

ஒரு பேப்பர் எடுங்க, கணக்கு போடுங்க

சான்ட்ரோ 1 லட்சத்து 20 ஆயிரம், வேகன்-ஆர் 1 லட்சத்து 60 ஆயிரம் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சான்ட்ரோதானே லாபம்?

அவசரப்படாதீர்கள். மெக்கானிக் பார்த்துவிட்டு சான்ட்ரோவுக்கு நாலு டயர், கிளட்ச், டைமிங் பெல்ட் எல்லாம் சேர்த்து 26 ஆயிரம் ஆகும் என்கிறார். வேகன்-ஆருக்கு ஒன்றும் வேண்டாம் என்கிறார். 40 ஆயிரம் வித்தியாசம் 14 ஆயிரமாக சுருங்கிவிட்டது.

அடுத்து பெட்ரோல். மாதம் 600 கி.மீ. ஓட்டம். லிட்டருக்கு 12 கி.மீ. கொடுக்கும் காருக்கு 50 லிட்டர் ஊற்றவேண்டும். 15 கொடுத்தால் 40 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம். 14 மாதத்தில் ரெண்டும் சரிக்குச் சரி. அதன்பிறகு வேகன்-ஆர்தான் லாபம்.

இதே கணக்கு உல்டாவாகவும் வரும். பில்லோடு பராமரித்த சான்ட்ரோவும், தண்ணியில் மூழ்கி எழுந்த வேகன்-ஆரும் எதிரெதிரே நின்றால் கண்ணை மூடிக்கொண்டு சான்ட்ரோவை எடுக்கலாம். இந்த வயசில் கம்பெனி பெயரை விட, வண்டி எப்படி வளர்ந்தது என்பதுதான் முக்கியம்.

எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை ஒரு மணி நேரம் கூட்டிப்போங்கள். அவருக்கு கொடுக்கும் சில நூறு ரூபாய், சீட்டுப் பணம் மொத்தத்தையும் காப்பாற்றும். “இப்பவே அட்வான்ஸ் போடுங்க, சாயந்திரம் வேற பார்ட்டி வர்றாங்க” என்று அவசரப்படுத்தினால்? வர்ற பார்ட்டியே எடுத்துக்கட்டும் என்று நடையைக் கட்டுங்கள்!