ஏன் கழித்தீர்கள் என்று கேட்கும் உரிமை

மேட்டூரிலிருந்து சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று நீளும் இந்தச் சமவெளியில் பல குடும்பங்களுக்கு லாரிதான் சொத்து, லாரிதான் கடன். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து வண்டி எடுத்தவருக்கு, ஆண்டு முழுக்க லோடு உண்டு என்ற உறுதி வேண்டும். அதைத் தருவது அரசாங்க ஒப்பந்தம். அனல்மின் நிலையச் சாம்பல், சமையல் எரிவாயு டேங்கர், உணவு தானிய மூட்டை என எல்லாமே டெண்டர்தான். ராணுவமும் அப்படித்தான். தன் வண்டிகள் போதாத இடத்தில் தனியார் லாரிகளை வாடகைக்கு எடுக்கிறது. பனி பாதையை மூடுமுன் லடாக்குக்கு அரிசியும் எரிபொருளும் ஏற்றியாக வேண்டும். 1965 போரில் பஞ்சாபின் லாரி ஓட்டுநர்கள் குண்டுவீச்சுக்கு நடுவே தளவாடங்களைப் போர்முனைக்குக் கொண்டுபோனார்கள். அத்தனை பொறுப்பான வேலையை யாருக்குக் கொடுப்பது என்று அரசு முடிவு செய்யும்போது, தோற்றவர் ஏன் என்று கேட்கலாமா?

சுதந்திரம் வந்த புதிதில் கேட்கவே வழியில்லை. 1948-ல் ராணுவத்துக்கு ஜீப் வாங்க லண்டனில் ஹை கமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் ஓர் ஒப்பந்தம் போட்டார். சுமார் 80 லட்சம் ரூபாய், 2,000 ஜீப். வழக்கமான நடைமுறையைத் தாண்டிப் போடப்பட்ட அந்த ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தவை 155 ஜீப்புகள்தான். நாடாளுமன்றத்தில் சத்தம் எழுந்தது. அனந்தசயனம் அய்யங்கார் குழு நீதி விசாரணை வேண்டும் என்றது. 1955 செப்டம்பரில், விவகாரம் முடிந்துவிட்டது என்று உள்துறை அமைச்சர் பந்த் அறிவித்தார். இதே வேலையை நியாயமான விலைக்குச் செய்திருக்கக்கூடிய இன்னொரு நிறுவனம், எங்களை ஏன் கேட்கவில்லை என்று வழக்குப் போட முடிந்திருக்குமா? முடிந்திருக்காது. 1959-ல் உச்ச நீதிமன்றமே அப்படித்தான் சொன்னது. கண்ணூர் அரசு மருத்துவமனைக்குப் பால் ஊற்றும் ஒப்பந்தத்தை இழந்த சி.கே. அச்சுதன் வழக்குத் தொடுத்தபோது, அரசு ஒருவரை விட்டு மற்றவரைத் தேர்ந்தெடுப்பது பாகுபாடு ஆகாது என்று அவரைத் திருப்பி அனுப்பியது.

இருபது ஆண்டு கழித்துக் கதவு திறந்தது. பம்பாய் விமான நிலையத்தில் ஓர் உணவகமும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளும் நடத்த டெண்டர் விட்டார்கள். ஐந்தாண்டு அனுபவம் கேட்டுவிட்டு, அந்தத் தகுதி இல்லாதவருக்கே கொடுத்தார்கள். ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் 1979-ல் நீதிபதி பகவதி தீர்ப்பு எழுதினார்: தான் விதித்த தகுதியை அரசே மீறக் கூடாது. இன்றுவரை டெண்டரில் தோற்ற ஒவ்வொருவரும் நிற்பது அந்த வாக்கியத்தின் மேல்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷெட்டிக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. ஐந்து மாதம் தாமதமாக வந்தார், அதற்குள் ஒப்பந்தக்காரர் பணத்தைக் கொட்டிக் கடையை அமைத்துவிட்டார், எனவே ரத்து செய்ய முடியாது என்றது நீதிமன்றம். நியாயம் ஒருவர் பக்கம், காலம் இன்னொருவர் பக்கம். இந்தப் பிரச்சினை இன்னும் அப்படியே இருக்கிறது.

அந்தக் காலத்து டெண்டரைப் பார்த்தவர்களுக்குத் தகரப் பெட்டி நினைவிருக்கும். அரக்கு முத்திரை வைத்த உறையைப் பெட்டியில் போட வேண்டும். போட விடாமல் தடுக்க அலுவலக வாசலிலேயே ஆள் நிற்கும். உள்ளே போவதற்குள் மிரட்டலும் சிண்டிகேட் பேச்சும் முடிந்துவிடும். இணையவழி டெண்டர் வந்து அந்த ரவுடித்தனத்தை ஒழித்தது பெரிய நன்மை, அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. மேட்டூரில் உட்கார்ந்தபடியே டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு, பாதுகாப்புத் துறையின் தளத்தில் பதான்கோட்டில் ஓடும் வேலைக்கு விலை கொடுக்கலாம்.

அதே சமயம் முடிவெடுக்கும் இடம் நகர்ந்துவிட்டது. பழைய முறையில் உறையைப் பிரித்து, வந்திருந்தவர்கள் முன்னால் விலையை உரக்கப் படிப்பார்கள். குறைந்த விலை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது பெரும்பாலும் இரண்டு உறை. முதலில் தொழில்நுட்பப் பகுதி: எத்தனை சொந்த வண்டி, எஃப்.சி. எனும் வண்டித் தகுதிச் சான்று உண்டா, முன் அனுபவச் சான்று எந்தப் படிவத்தில், முன்வைப்புத் தொகை எந்தத் தேதியில். இதைக் குழு ஒன்று மூடிய அறையில் பரிசீலிக்கிறது. இதில் கழிக்கப்பட்டவரின் விலை உறை திறக்கப்படுவதே இல்லை. அவர் சொன்ன வாடகையில் அரசுக்கு எத்தனை லட்சம் மிச்சமாகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். திரையில் வருவது ஒற்றை வரிக் காரணம்தான். அந்த வரிக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதுதான் இன்றைய சண்டை.

எங்கே போய்ச் சண்டையிடுவது? மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 173-ஆம் விதி, ஏலதாரர் நிராகரிப்பைக் கேள்வி கேட்க வழி வைக்க வேண்டும், கேட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் கேள்வி போய்ச் சேர்வது பெரும்பாலும் கழித்த அலுவலகத்துக்கே. மாநில அரசு வேலைகளுக்குத் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 இருக்கிறது. உத்தரவு கிடைத்த பத்து நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதுவும் அரசிடமே. மிச்சம் இருப்பது உயர் நீதிமன்றம். அங்கே 1994-ன் டாடா செல்லுலார் தீர்ப்பு காத்திருக்கிறது. உடுமலைப்பேட்டையில் பிறந்த நீதிபதி எஸ். மோகன் எழுதியது: முடிவு எடுத்த விதத்தைத்தான் நீதிமன்றம் பார்க்கும், முடிவுக்கு மேல்முறையீட்டு மன்றமாக உட்காராது. 2006-ல் ஜகதீஷ் மண்டல் வழக்கு, பொதுநலன் பாதிக்கப்பட்டதா என்ற கேள்வியையும் சேர்த்தது. இந்தத் தயக்கம் புரிகிறது. ராணுவத்துக்கு எந்த லாரி ஏற்றது என்று நீதிபதி சொல்ல முடியாது. கதவு முழுக்க மூடவும் இல்லை: 2024 அக்டோபரில், பாரத் கோக்கிங் கோல் நிறுவனம் ஒருவரின் குறையைப் பொறுத்துக்கொண்டு, பன்ஷிதர் கன்ஸ்ட்ரக்ஷனை மட்டும் கழித்ததை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் இரண்டு மூன்று லாரி வைத்திருப்பவர் டெல்லி வரை போவாரா? ஒரு பருவத்துக்கான வாடகை ஒப்பந்தம், வழக்கு எண் பெற்று விசாரணைக்கு வருவதற்குள் முடிந்துவிடும்.

அமெரிக்காவில் 1984-ன் சட்டப்படி, தோற்றவர் குறித்த நாளுக்குள் அரசு கணக்குத் தணிக்கை அமைப்பிடம் முறையிட்டால் ஒப்பந்தம் தானாக நிற்கும். நூறு நாளுக்குள் பதில் வர வேண்டும். அவசரமென்றால் காரணம் எழுதி வைத்துவிட்டு ராணுவம் வேலையைத் தொடரலாம். படைவீரர் குடும்பங்களின் வீட்டுச் சாமான்களை இடம் மாற்றும் ஒப்பந்தம் அங்கே 2020-ல் ஒரு நிறுவனத்துக்குப் போனது. தோற்ற இருவர் முறையிட்டார்கள், அந்த அக்டோபரில் மதிப்பீட்டில் பிழை உண்டு என்று முடிவானது. 2021 நவம்பரில் ஹோம்சேஃப் அலையன்ஸ் என்ற நிறுவனம் அதைப் பெற்றது. இந்த முறை மற்றவர்கள் எதிர்த்துத் தோற்றார்கள். 2025 ஜூனில் வேலை சரியில்லை என்று அந்த ஒப்பந்தமும் ரத்தானது. இத்தனை சண்டையும் வீண் என்று இதைக் காட்டிச் சிலர் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எந்த அடிப்படையில் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது அங்கே எழுத்தில் பொதுவில் இருக்கிறது.

நம் ஊரில் அப்படியொரு மன்றம் இல்லாததால் வண்டியை ஓரங்கட்டுவதுதான் முறையீடு. 2025 மார்ச் 27 அன்று நாமக்கல்லை மையமாகக் கொண்ட எரிவாயு டேங்கர் உரிமையாளர்கள், எண்ணெய் நிறுவனங்களின் புதிய டெண்டர் நிபந்தனைகளை எதிர்த்து அதைத்தான் செய்தார்கள். ராணுவத்துக்கு ஓட்டுபவர் அதையும் செய்ய முடியாது, மலைமேல் அரிசிக்குக் காத்திருப்பது சிப்பாய். 2012-ல் மக்களவைக்கு வந்த பொதுக் கொள்முதல் மசோதாவில் சுயாதீனமான குறைதீர்ப்புக் குழுவுக்கு இடம் இருந்தது. 2014-ல் அவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், ராணுவ வாடகை லாரிகளையும் அதற்குள் சேர்த்து, முறையீட்டுக்கு நாள் கணக்கு வைத்து.