பெண்ணின் கையொப்பம்

யாழ்ப்பாணத்திலே பெண்பிள்ளைக்குச் சொத்தில்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. வீடும் வளவும் பெரும்பாலும் பெண்வழியே இறங்குவன. தாயின் சீதனக் காணி மகளுக்குச் சீதனமாகின்றது. மகளின் வீட்டுக்கு மருமகன் குடிவருகின்றான். நகைகளும் அவளுக்கே பூட்டப்படுகின்றன. இத்துணை உடைமை பெற்ற பெண்ணொருத்தி, ஒரு தையற்பொறி வாங்குவதற்கோ, பிள்ளையின் வைத்தியச் செலவுக்கோ பணம் வேண்டியபொழுது, பிறர் முகம் பார்த்து நிற்பது ஏன்? சீதனத்தின் கொடுமையைப் பற்றி மேடைதோறும் பேசப்படுகின்றது. ஆனால், கொடுத்த சீதனம் கொடுக்கப்பட்டவளின் கையில் எவ்வளவு தூரம் இருக்கின்றது என்ற வினா அத்துணையாக எழுப்பப்படுவதில்லை.

உடைமை ஒன்று, அதனை ஆளும் உரிமை வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைச் சட்டமே ஒரு பகுதி வகுத்தது. பழக்கம் மறுபகுதியை வகுத்தது.

சட்டத்தின் வேர் பழையது. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்துத் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இந்நாட்டு வழக்கங்களைத் திரட்டி எழுதினார். அத்தொகுப்பு தமிழிலே பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரிடம் பார்வைக்குக் கொடுக்கப்பட்டது. அவர்கள் சரியென்றனர். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்டவலு அளித்தனர். அதுவே தேசவழமை. பெண்ணின் சீதனத்தைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசும் அந்நூலைச் சரிபார்த்த பன்னிருவரில் பெண் எவருமிலர். அக்காலத்தில் அதனை ஒரு குறையென்று எண்ணியவரும் இருந்திரார்.

தந்தைவழி வருவது முதுசம். பெண்ணுக்கு மணக்கொடையாக வருவது சீதனம். மணவாழ்க்கையின்போது சம்பாதித்துச் சேர்ப்பது தேடிய தேட்டம். இவ்வாறு சொத்தை மூவகையாகப் பிரித்தது பழைய வழமை. 1911ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்து விவாக உரிமைகளையும் உரித்துரிமைகளையும் பற்றிய கட்டளைச் சட்டம் பிறந்தது. 1947இல் அது திருத்தப்பட்டது. இச்சட்டம் பெண்ணுக்கு ஒரு பெரும் பாதுகாப்பைத் தந்தது. மணமாகும்போது அவளுக்கு உரியதாயிருக்கும் சொத்து அவளுடைய தனிச் சொத்தே. கணவன் பட்ட கடனுக்காக அதனைப் பிடித்துக்கொள்ள முடியாது. அச்சொத்தைப் பண்படுத்தவும் பராமரிக்கவும் பட்ட கடன் மாத்திரமே விலக்கு. நகை முதலிய அசையும் பொருள்களை அவள் எவர் சம்மதமுமின்றி விற்கலாம், அடகு வைக்கலாம். மரணசாதனம் எழுதவும் கணவனுடைய அனுமதி வேண்டியதில்லை.

ஆயினும், அதே பிரிவிலே ஒரு முடிச்சும் போடப்பட்டது. காணி, வீடு போன்ற அசையாச் சொத்தை மனைவி உயிரோடிருக்கும் காலத்தில் விற்பதற்கோ, ஈடு வைப்பதற்கோ, நன்கொடையாகக் கொடுப்பதற்கோ கணவனுடைய எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். கணவன் தன் காணியை விற்பதற்கு மனைவியின் சம்மதம் வேண்டுமென்று அச்சட்டம் அவ்வாறே கூறவில்லை.

முந்திய நாள் வரை, மணமாகாத பெண்ணாக, தன் பெயரிலுள்ள காணியைத் தன் ஒரு கையொப்பத்தால் ஈடு வைக்க அவளால் முடிந்திருக்கும். தாலி ஏறிய மறுநாள் அதே காணிக்கு இரண்டு கையொப்பங்கள் தேவைப்படுகின்றன. விதவையானாலோ, விவாகரத்துப் பெற்றாலோ மறுபடியும் ஒன்று போதும். கொழும்பிலே பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண் 1923ஆம் ஆண்டின் சட்டத்தின்படி தன் காணியைத் தானே விற்கலாம். தேசவழமைக்கு உட்பட்ட தமிழருக்கு அச்சட்டம் பொருந்தாது. மட்டக்களப்பிலும் வீடு மகளுக்கே செல்வது வழக்கம். அங்கே முக்குவர் சட்டம் 19ஆம் நூற்றாண்டிலேயே நீங்கிப் பொதுச் சட்டம் வந்துவிட்டமையால், இந்த இரண்டாவது கையொப்பம் அங்குத் தேவைப்படுவதில்லை. ஒரே மொழி பேசும் இரு சகோதரியரைப் போன்ற பெண்கள் வாகரையில் ஒருவிதமாகவும் வடமராட்சியில் வேறுவிதமாகவும் நொத்தாரிசின் முன் நிற்கின்றனர்.

கணவனும் மனைவியும் ஒற்றுமையாக வாழும் வீட்டில் இம்முடிச்சு கண்ணுக்குத் தெரியாது. போர் அதனைத் தெரியச் செய்தது. வலிகாமத்திலே நான்கு பரப்புக் காணியும் கல்வீடும் உடைய இளந்தாய் ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். கணவன் 2009இல் காணாமற் போனான். அவன் இறந்தான் என்று சொல்ல அவளுக்கு மனமில்லை. இருக்கிறான் என்று காட்ட ஆளில்லை. காணியை ஈடு வைத்துக் கடன் கேட்டால் வங்கி அவனது சம்மதத்தைக் கேட்கும். சட்டத்தை எழுதியவர்கள் இதற்கும் ஒரு வழி வைத்தே இருந்தனர். கணவன் கைவிட்டுப் போயிருந்தாலும், இருக்குமிடம் தெரியாதிருந்தாலும், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலும், மாவட்ட நீதிமன்றம் அவனுக்குப் பதிலாக அச்சம்மதத்தை வழங்கலாம். காணாமற் போனவர் என்பதற்குச் சான்றிதழ் வழங்குவதற்கும் 2016இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால், நீதிமன்றப் படியேற வழக்கறிஞர் வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் வேண்டும். பணத்துக்காகத்தானே அவள் காணியை ஈடு வைக்கப் புறப்பட்டாள்!

குடியேற்றத் திட்டங்களிலே அரச காணி பெற்ற குடும்பங்களின் நிலை இன்னும் கடினமாயிருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம், பின்னுரித்தாளர் எவரும் பெயர் குறிக்கப்படாதவிடத்து, ஆண்மக்களுக்கே முதலிடம் தந்தது. தந்தையோடு காடு வெட்டிய மூத்த மகளைக் கடந்து காணி இளைய மகனைச் சேரலாம். 2022இல்தான் அவ்வேற்றத்தாழ்வு நீக்கப்பட்டது.

சட்டம் இவ்வளவு என்றால், பழக்கம் அதனிலும் நுட்பமானது. மனைவியின் தேவைக்கு அவளது கையொப்பம் போதாது. கணவனின் தேவைக்கோ அது பெரிதும் போதுமானது. வான் வாங்கவும், வெளிநாடு செல்லவும், சகோதரனுடைய கடையை விரிக்கவும் சீதனக் காணி ஈட்டுக்குச் செல்கின்றது. நொத்தாரிசு உறுதியை வாசிக்கின்றார். இரண்டு சாட்சிகள் நிற்கின்றனர். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைச் சட்டம் காணிக் கைமாற்றத்துக்கு இவ்வளவு சடங்கையும் விதித்தது, ஏமாறாதிருக்கும் பொருட்டே. ஆனால் பெண்ணோ, “எங்கே கையெழுத்து வைக்கவேண்டும்?” என்பதைத் தவிர வேறு வினா எழுப்புவதில்லை. கணவனின் கடனுக்குத் தன் சீதனம் பொறுப்பாகாது என்று சட்டம் தந்த பாதுகாப்பை, ஈட்டு உறுதியில் இட்ட அவளது சொந்தக் கையொப்பமே கழற்றிவிடுகின்றது.

அவள் ஏன் கேட்பதில்லை? கல்வியறிவு இல்லாமையால் அன்று. உடுவிலிலே பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கிய ஆண்டு 1824. இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. பெண்கள் வாக்குரிமை பெற்றது 1931இல். கணித ஆசிரியையாக இருந்து பிறர் பிள்ளைகளுக்குக் கூட்டுவட்டி கற்பிக்கும் பெண்ணின் சம்பளக் கணக்கைத் தகப்பனாரோ தமையனோ பார்த்துக்கொள்ளும் வீடுகள் இல்லாமற் போகவில்லை. அன்பினால்தான் பார்த்துக்கொள்கின்றனர். “அவள் ஏன் அலைய வேண்டும்?” என்பது அவர்கள் வாய்மொழி. அலைந்து பழகாதவளுக்கு வங்கியின் கண்ணாடிக் கதவு இருபத்தைந்து வயதிலும் அச்சம் தருகின்றது. தன்னம்பிக்கை என்பது நெஞ்சில் இயல்பாக ஊறுவது என்று எண்ணுவோர் பலர். நீச்சல் எப்படி நீருள் இறங்கினாலன்றி வாராதோ, பண விடயத்தில் துணிவும் அப்படியே. சிறு தொகையைத் தானே வைத்து, தானே எடுத்து, ஒருமுறை தவறிழைத்து, அதனைத் தானே திருத்திய பின்னரே அது வருகின்றது.

பழைய பெண்களிடம் இப்பயிற்சி முற்றிலும் இல்லாதிருந்ததன்று. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் புறம்பாக எடுத்துப் பானையில் இடும் பிடியரிசி வழக்கம் பாடசாலைகளையும் கோயில்களையும் தாங்கியது. அந்தப் பிடியைக் கூட்டவும் குறைக்கவும் அடுப்படியில் நின்றவளுக்கே அதிகாரம். சீட்டும் அவ்வாறே. மாதம் ஐயாயிரம் ரூபாவாகப் பத்துப்பேர் சேர்ந்தால் ஒவ்வொரு மாதமும் ஒருத்திக்கு ஐம்பதாயிரம் ரூபா. வட்டியுமில்லை, கணவனின் ஒப்பமுமில்லை; நடத்துபவரின் நாணயம் ஒன்றே பிணை. அந்நாணயம் பொய்த்த கதைகளும் ஊர்தோறும் உண்டு.

உழைக்கும் பெண்ணின் நிலையிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். மலையகத் தோட்டங்களிலே கொழுந்து பறித்த பெண்களின் சம்பளம் ஆண்களின் சம்பளத்திலும் குறைவாகவே நெடுங்காலம் இருந்தது; 1984இல்தான் சமமாயிற்று. ஆனால் சம்பள நாளன்று மனைவியின் சம்பளத்தையும் கணவனே பெற்றுக்கொள்ளும் வழக்கம் அதனால் உடனே மாறிவிடவில்லை. கூலி சமமானது, கை சமமாகவில்லை.

கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தோன்றியதிலிருந்து ஆடைத் தொழிற்சாலைகள் இளம்பெண்களின் உழைப்பிலேயே இயங்குகின்றன. போருக்குப் பின் வன்னியிலும் அவை எழுந்தன. இங்கு வேலைசெய்யும் பெண்ணுக்குத் தான் அறியாத ஒரு சேமிப்பு வளர்ந்துகொண்டிருக்கின்றது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின் கீழ், அவளது சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கு கழிக்கப்படுகின்றது. முதலாளி 12 பங்கு சேர்க்கின்றார். முப்பதாயிரம் ரூபாச் சம்பளமாயின் மாதம் ஆறாயிரம் ரூபா. ஐந்தாண்டில், வட்டியை நீக்கியே, மூன்று இலட்சத்து அறுபதாயிரம் ரூபா. மணத்தை முன்னிட்டு வேலையை விடும் பெண் இத்தொகையை உரிய வயதுக்கு முன்னரே பெறலாம் என்ற சலுகையும் உண்டு. சலுகைதான், ஆனால் அதுவே பொறியுமாகின்றது. ஐந்தாண்டு உழைப்பு மணப்பந்தலுக்கும் மாப்பிள்ளை வீட்டாரின் ரொக்கத்துக்கும் போய்விட, வேலையும் இல்லாமல், சேமிப்பும் இல்லாமல் புதுமனை புகுகின்றாள். அவ்வாறு எடுப்பது அவளுக்குத் தரப்பட்ட அனுமதியே அன்றிக் கட்டளையன்று என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்பவர் சிலரே.

சேமிப்பு அறியாத இடத்திலே கடன் நுழைகின்றது. போரின் பின் வடக்கிலும் கிழக்கிலும் பெண்களைத் தேடி நுண்நிதிக் கடன் வாசலுக்கே வந்தது. காணி உறுதி கேட்கவில்லை, கணவன் ஒப்பமும் கேட்கவில்லை. ஐந்தாறு பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும். முதன்முறையாகத் தன் கையொப்பம் மதிக்கப்பட்டதாகப் பெண்கள் மகிழ்ந்தனர். துன்பம் கணக்கிலே ஒளிந்திருந்தது. ஐம்பதாயிரம் ரூபாக் கடன், ஆண்டுக்கு நூற்றுக்கு 24 வட்டி, பன்னிரண்டு தவணை என்று வைத்துக்கொண்டால், வட்டி பன்னிரண்டாயிரம். மாதத் தவணை 5,167 ரூபா. பார்வைக்கு நியாயமே. ஆனால் ஐம்பதாயிரம் ரூபா ஆண்டு முழுவதும் அவள் கையில் இருப்பதில்லை. மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டு வர, வட்டி மாத்திரம் முழு ஐம்பதாயிரத்துக்கும் அறவிடப்படுகின்றது. சராசரியாக அவள் கையிலிருப்பது ஏறக்குறைய இருபத்தேழாயிரம் ரூபாவே. உண்மை வட்டி நூற்றுக்கு 40க்கு மேற்படும். “வட்டி நிலையான தொகைக்கா, குறைந்து செல்லும் மீதிக்கா?” என்ற ஒரு வினாவைக் கேட்கத் தெரிந்திருப்பின் எத்தனையோ தாலிக்கொடிகள் அடகுகடை ஏறியிரா. நிலைமை முற்றி, 2018இல் வரட்சியுற்ற மாவட்டங்களின் பெண்கள் சிலரது கடன்களை அரசாங்கமே தீர்க்க முன்வர நேர்ந்தது.

ஆகவே, இளம்பெண்ணுக்கு வேண்டியது பெருந்தொகையன்று. சிறுவயதிலேயே தொடங்கும் பயிற்சி. பராயமடையும் வயது 21இலிருந்து 18 ஆக 1989இல் குறைக்கப்பட்டது. 18 வயது நிரம்பியவள் தன் பெயரில் தானே கணக்குத் தொடங்கலாம். தானே ஒப்பந்தம் செய்யலாம். கணக்குப் புத்தகத்தைத் தகப்பனாரின் அலுமாரியில் வைக்காது தன் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். வைப்புச் சீட்டை அருகில் நிற்பவரைக் கொண்டு நிரப்புவிக்காமல், பிழைத்தாலும் தானே நிரப்பலாம். முதல் மாதச் சம்பளத்திலேயே ஒரு பங்கு, வீட்டுக்குக் கொடுப்பது எவ்வளவாயினும், தனக்கென நிற்கலாம். இதனைத் தன்னலம் என்று பழிப்போர் இருப்பர். மகன் சேர்த்தால் சிக்கனம், மகள் சேர்த்தால் கஞ்சத்தனம் என்பது ஊர் அகராதி.

மணம் பேசும் வேளையிலும் அவள் கேட்டறியக் கூடியவை சில உண்டு. சீதன உறுதி அவள் பெயரிலா, இருவர் பெயரிலுமா, அன்றி மாப்பிள்ளைக்கு நன்கொடையாகவா எழுதப்படுகின்றது என்பது அவற்றுள் தலையாயது. உறுதி எழுதி முடிந்த பின்னர் இதனைக் கேட்டுப் பயனில்லை. பெரியோர் பேசும் சபையிலே பெண் வாய் திறப்பது அழகன்று என்போர், அவள் தாயிடம் தனித்துக் கேட்பதையேனும் தடுக்கமாட்டார்கள்.

உறுதியின் மூலப்பிரதி எங்கே இருக்கின்றது என்பதைப் பல பெண்கள் அறியார். வெள்ளத்திலும் இடப்பெயர்விலும் அது அழிந்திருக்கவும் கூடும். காணிப் பதிவகத்திலே சான்றுப்படுத்திய பிரதி பெறலாம். தேடுவதற்கு உதவுவன மூன்று: உறுதியின் இலக்கம், திகதி, அதனை எழுதிய நொத்தாரிசின் பெயர். இம்மூன்றையும் ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வதற்கு எவருடைய சம்மதமும் தேவையில்லை.