இயங்குதளப் பாடம் பயிலப் புகுவோர்க்கு

கணினிக் கலை பயிலும் நம் மாணாக்கர்க்கு அச்சந்தரும் பாடங்களுள் ஒன்று, வகுப்பில் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று வழங்கும் இயங்குதளப் பாடம். இதனைப் பயின்றோரிடம், "இயங்குதளமாவது யாது?" என வினவின், விடையை ஒரே மூச்சிற் சொல்லி முடிப்பர். "அஃது இல்லையாயின் என்ன கெட்டுவிடும்?" என அடுத்து வினவின், பலர் வாளா நிற்பர். குற்றம் அவர்மேலன்று, மனனஞ் செய்த விடைக்கே மதிப்பெண் வழங்கும் வழக்கத்தின் மேலது. ஆதலின் இப்பாடத்துட் புகுமுன் அறியத்தக்கன சிலவற்றை ஈண்டுக் கூறுகின்றோம்.

சாத்தான்குளம் பக்கத்தில் நீரின் அருமை அறியாதார் இலர். தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் ஈறாக அணைக்கட்டுகள் எட்டு இருப்பினும், கடைமடைக்கு நீர் வந்து சேர்வது எத்துணை அரிது என்பதை நம் பெற்றோர் நன்கறிவர். நீர் குறைந்த காலத்தில் எல்லா வயலுக்கும் ஒருங்கே மடை திறந்தால் ஒரு வயலும் நனையாது. ஆகவே முறை வைத்துப் பாய்ச்சுவர். அம்முறையை நடத்துபவர் நீர்பாய்ச்சி. உழுவதும் விதைப்பதும் அவர் வேலையல்ல. ஆயினும் அவரின்றி விளைவில்லை. கணினிக்கு இயங்குதளமே நீர்பாய்ச்சி.

கணினியில் ஒரே காலத்திற் பாட்டுக் கேட்கின்றோம், கட்டுரை எழுதுகின்றோம், படம் இறக்குகின்றோம். இவையனைத்தும் ஒருங்கே நடப்பனபோலத் தோன்றும். இக்காலக் கணினியிற் பிராஸசர்கள் நான்கோ எட்டோ இருக்கலாம். முறைக்குக் காத்திருக்கும் நிரல்களோ நூற்றுக்கணக்கானவை. ஆகவே இயங்குதளம் ஒவ்வொரு நிரலுக்கும் வினாடியில் ஆயிரத்திற் சில பங்கே கொடுத்து, கடிகாரம் அடித்தவுடன் அதனை நிறுத்தி, அடுத்ததை விடுகிறது. இவ்விடத்தில் நமது உவமை சற்று நொண்டும். பாதி நனைந்த வயல் தான் நனைந்த அளவைத் தானே காட்டி நிற்கும். பிராஸசரோ, அடுத்த நிரல் வந்ததும் முந்தியதை முற்றும் மறந்துவிடும். ஆதலால் நிறுத்தப்பட்ட நிரல் எவ்வரியில் நின்றது, எவ்வெண்களைக் கையில் வைத்திருந்தது என்பனவற்றை இயங்குதளம் எழுதி வைத்து, மறுமுறை வரும்போது அவ்வாறே மீட்டுக் கொடுக்கவேண்டும். நிரல், தான் நிறுத்தப்பட்டதையே அறியாது.

முறை பங்கிடுவதிற் பிழை நேரின் என்னாகும்? 1997ஆம் ஆண்டு ஜூலை 4இல் பாத்ஃபைண்டர் என்னும் அமெரிக்க விண்கலம் செவ்வாயில் இறங்கிற்று. சில நாளில் அதன் கணினி இடையிடையே தானாகவே அணைந்து மீண்டும் தொடங்கலாயிற்று. அன்றைய எஞ்சிய பணிகளும் தடைப்பட்டன. காரணம் இதுவே: கலத்தின் உறுப்புகளுக்கிடையே செய்தி செல்லும் வழிக்குப் பூட்டு ஒன்று உண்டு. வானிலை அளக்கும் தாழ்ந்த பணி அப்பூட்டைக் கைக்கொண்டது. அவ்வழியைக் காக்கும் உயர்ந்த பணி பூட்டுக்காகக் காத்து நின்றது. அப்போது இடைத்தரமான வேறொரு பணி வந்து, தாழ்ந்ததைத் தள்ளிவிட்டுப் பிராஸசரைப் பற்றிக்கொண்டது. தாழ்ந்ததற்கு முறை வாராமையால் பூட்டு விடுபடவில்லை. உயர்ந்தது பட்டினி கிடந்தது. அதன் வேலை குறித்த நேரத்தில் முடியாமை கண்ட காவற்கடிகாரம் கணினியையே அணைத்துத் தொடக்கிற்று.

இந்நோய்க்கு மருந்து முன்னமே எழுதப்பட்டிருந்தது. தாழ்ந்த பணி பூட்டை வைத்திருக்குமளவும், அதற்காகக் காத்திருக்கும் உயர்ந்த பணியின் முதன்மையை அதற்கே அளித்துவிட வேண்டும் என்பது அம்மருந்து. அதனை ஆராய்ந்து 1990இற் கட்டுரை வெளியிட்டோர் மூவர்: லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹாட்ஸ்கி. இவருள் ராஜ்குமார் நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்றவர். விண்கலத்தின் இயங்குதளத்தில் அவ்வழி இருந்தும், அப்பூட்டில் அது செயற்படாதபடி விடப்பட்டிருந்தது; பூமியிலிருந்தே அதனைச் செயற்படச் செய்தனர். அவ்வாண்டு டிசம்பரில் இவ்வரலாறு மாநாடொன்றில் உரைக்கப்பட்டபோது, அம்மூவரும் அவ்வரங்கிலேயே அமர்ந்திருந்தனராம்.

இனி, இதனை எங்ஙனம் பயில்வது? சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் செஸ்டர் ரெபெய்ரோ நடத்திய இயங்குதள அறிமுகப் பாடம் என்.பி.டி.இ.எல். வாயிலாகக் கிடைக்கிறது. விரிவுரைகளைக் காணக் கட்டணமில்லை. சான்றிதழ்த் தேர்வுக்கே கட்டணம். விரிவுரை ஆங்கிலத்தில் உள்ளது; அதற்கு அஞ்சவேண்டா. நிறுத்தி நிறுத்தி இருமுறை கேட்பின் விளங்கும். அதன் சிறப்பு, வரையறைகளோடு நில்லாமல், எக்ஸ்வி6 என்னும் முழு இயங்குதளத்தையே படித்துக் காட்டுவது. பெல் ஆய்வுக்கூடத்து யுனிக்ஸின் 1975ஆம் ஆண்டு ஆறாம் பதிப்பைத் தழுவி, மாணாக்கர்க்கென்றே 2006இல் எம்.ஐ.டி.யார் ஆக்கியது அது. லினக்ஸின் நிரல்வரிகள் பல கோடி. அதனைக் கரைகாணல் ஒருவர்க்கு இயலாது. எக்ஸ்வி6இன் கருவோ பத்தாயிரம் வரிக்கும் உட்பட்டது. ஒரு பருவத்திற் படித்து முடிக்கலாம்.

சி மொழியும், சிறப்பாக அதிற் பாயின்டர் என்னும் பகுதியும், ஐயமறத் தெரிந்திருத்தல் வேண்டும். அதில் தடுமாறுவோர் முதலில் அதற்கென ஒரு மாதம் ஒதுக்குக. பின்னர் எக்ஸ்வி6இல் முறை பங்கிடும் ஸ்கெட்யூலர் பகுதியைத் திறந்து பார்க்க. ஐம்பது வரியும் இராது. அதில் ஒரு வரியை மாற்றி, க்யூஎமு என்னும் போலிக் கணினியின்மேல் ஓட்டுக. அது நின்றுபோயின், போலிக் கணினியே நின்றது; மேசைமேலுள்ள கணினிக்கு யாதொரு கேடும் வாராது.